பங்குத் தோட்டங்கள் நிலைக்குமா?

காணியுடையவன் தோட்டஞ் செய்வது வியப்பன்று. ஒரு முழ நிலமும் சொந்தமில்லாதவன் தன் கையால் விளைத்த கீரையைத் தன் வீட்டுக்குக் கொண்டு செல்ல வழி செய்வதே ஒரு சமூகத்திற்குச் சிறப்பு. அவ்வழியை நெடுங்காலமாகப் பேணிவரும் நாடுகளுள் இங்கிலாந்தும் ஒன்று. அங்கே ஊராட்சி மன்றங்கள் நிலத்தைச் சிறு துண்டுகளாக வகுத்து, சொற்ப வாடகைக்கு ஊரவரிடம் கொடுக்கின்றன. ‘அலொட்மன்ற்’ என அவர்கள் வழங்கும் இதனைப் பங்குத் தோட்டம் என்போம். வழக்கமான துண்டு ஒன்றின் அளவு 10 பேர்ச். யாழ்ப்பாணத்திலே மேட்டுக்காணி அளக்கும் ஒரு பரப்பும் அதுவே. ஒரு பரப்பிலே ஒரு குடும்பத்திற்கு எவ்வளவு மரக்கறி விளையும் என்பதை எம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தோட்டங்கள் எவரேனும் இரங்கியிட்ட தானம் அல்ல. ஊர்ப் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியார் கைப்பட்டபோது, ஏழைகள் மாடு மேய்த்த புல்லையும் விறகு பொறுக்கிய காட்டையும் இழந்தனர். அவ்விழப்பிற்குக் கிடைத்த சிறு ஈடே பங்குத் தோட்டம். 1908 ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டம் வேண்டுவோர் உள்ள ஊர்களில் அதனை அளித்தலை மன்றங்களின் கடமையாக்கிற்று. 1925 ஆம் ஆண்டுச் சட்டம், இதற்கென வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதலின்றி விற்றலாகாது என விதித்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1943 அளவில், துண்டுகளின் தொகை ஏறக்குறைய 14 இலட்சமாயிற்று. இன்றோ அதில் காற்பங்கு அளவே எஞ்சியுள்ளது. விரும்புவோர் குறைந்தமையால் நேர்ந்த தேய்வு என இதனைக் கொள்ளற்க. பெயர் பதிந்துவிட்டு ஒரு துண்டுக்காகப் பல ஆண்டு காத்திருப்போர் இன்றும் பலர்.

அவ்வாறாயின் அச்சம் எங்கிருந்து வருகிறது? நிலத்தின் விலையிலிருந்து வருகிறது. கிழக்கு இலண்டனில் நூறாண்டளவு பயிரிடப்பட்டு வந்த மனோர்த் தோட்டம், 2012 ஒலிம்பிக் விளையாட்டுகளின் பொருட்டு 2007 இல் அகற்றப்பட்டது. வொற்போட் என்னும் ஊரில், வைத்தியசாலையைச் சார்ந்த பெருந்திட்டம் ஒன்றிற்காகத் தம் தோட்டம் கொள்ளப்படுவதைத் தோட்டக்காரர் நீதிமன்றில் எதிர்த்து, 2016 இல் தோல்வியுற்றனர். 2025 இலும், எட்டுத் தோட்டங்களை விற்க அரசு ஒப்புதலளித்த செய்தி வெளிவந்தபோது பெருவாதம் மூண்டது. சட்டம் காவலாக நிற்பது உண்மையே. ஆனால் அக்காவலின் திறவுகோல் அமைச்சர் கையில் இருக்கிறது. தற்காலிகமாகத் தோட்டத்திற்கு விடப்பட்ட நிலங்களுக்கோ அக்காவலும் இல்லை.

வீடும் வைத்தியசாலையும் வேண்டாவென நாம் கூறவில்லை. குடியிருக்க வீடின்றி வாடுவோரின் முறையீடு, கத்தரி நடுவோரின் முறையீட்டிலும் வலியது என்பார்க்கு மறுமொழி எளிதன்று. எனினும் ஒன்று கூறுவோம். கட்டடத்தின் வரைபடத்தைப் பிறிதோரிடத்திற்கு மாற்றலாம். எருவும் இலைகுழையும் இட்டுத் தலைமுறைதோறும் பதப்படுத்திய மண்ணை மாற்றல் இயலாது. விற்ற பணம் ஒருமுறை வரும்; விற்ற நிலம் ஒருகாலும் மீளாது. அன்றியும், நேற்றுவரை அறிமுகமில்லாதார் ஒரே கிணற்றடியில் நின்று விதையும் நாற்றும் மாற்றிக்கொள்ளும் உறவுக்கு எந்த மதிப்பீட்டாளர் விலை குறிப்பார்?

நிற்க. இவ்வாராய்ச்சி நமக்கு எதன்பொருட்டு என்பார்க்கு ஒரு சொல். 1942 இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது, உணவுப்பயிர் செய்யுமாறு இந்நாட்டு மக்கள் ஏவப்பட்டனர். 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி உணவு அருகியபோது, வீட்டுத்தோட்டஞ் செய்வதற்கென அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கப்பட்டது. பசி வந்தால் மண்வெட்டியைத் தேடுவதும், பசி தீர்ந்தால் அதனை மூலையிற் சாத்துவதும் நம் வழக்கமாயின. அன்றியும், வளவுள்ளவனுக்கே வீட்டுத்தோட்டம். நகரத்திலே மாடி வீட்டின் ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவன், கிடைத்த விடுமுறையைக் கொண்டு எந்த மண்ணைக் கொத்துவான்? அவனுக்கு வேண்டுவது நாள் அன்று, நிலம்.

ஆதலின், நகரசபைகளும் பிரதேச சபைகளும் தம் வசமுள்ள வெற்றுநிலத்தில் ஒரு பகுதியேனும் பங்குத் தோட்டங்களுக்கு ஒதுக்கி, அவ்வொதுக்கத்தை எளிதில் மாற்றவியலாத விதியாக எழுதிவைத்தல் வேண்டும். பழைய மாணவராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. யூபிலி என்றதும் மண்டபமும் மாடியும் எழுப்பவே நம் மனம் விழைகிறது. அவையும் வேண்டியனவே. ஆயினும் கல்லூரி வளவில் எஞ்சிய மண் அனைத்தையும் சீமெந்தால் மூடிவிட்டு, விவசாயத்தை ஏட்டில் மட்டும் கற்பித்தல் தகுமா? ஒவ்வொரு வகுப்பிற்கும் ஒரு துண்டென வகுத்து, விளைவை விடுதிச் சமையலுக்கும் அயலிலுள்ள வறியோர்க்கும் பகிர்வோமாக. அந்நிலத்தில் எக்காலத்தும் கட்டடம் எழாது எனச் சங்கக் கூட்டத்திலே தீர்மானம் நிறைவேற்றி ஏட்டிற் பதிவோமாக. பசி வருமுன் ஒதுக்கிய நிலமே பசி வந்தபோது உதவும்.