கிழட்டு நாய்க்கும் கத்தி வைக்கலாம்

“பத்து வயசு தாண்டிருச்சு. மடியில கட்டி வந்தா அப்படியே விட்டுரணும், கத்தி பட்டா பரவிரும்.” திருவாதவூர், மேலூர் பக்கம் பெட்டை நாய் வளர்க்கிறவர்கள் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பிழைத்திருக்கக்கூடிய நாய்களை இந்தப் பேச்சு சாகவிடுகிறது.

கத்தியால் பரவுகிறதா? நாய்களின் மடிக்கட்டிகளில் ஏறத்தாழ பாதி சாதாரணக் கட்டி, மீதிதான் புற்று. புற்றாக இருந்தால் அது ரத்தத்திலும் நிணநீரிலும் கலந்து நுரையீரலுக்குத் தானாகவே போகும். கட்டி பெருத்துத் தொங்கும்வரை விட்டுவிட்டுப் பிறகு அறுக்கிறார்கள். கொஞ்ச நாளில் நாய் மூச்சிரைத்துச் செத்தால் பழி கத்தி மேல் விழுகிறது. அறுப்பதற்கு முன்பே நெஞ்சில் புற்று இறங்கிவிட்டதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. நாய்க்குப் பெரும்பாலும் ஐந்து ஜோடி பால்சுரப்பிகள். ஒன்றை எடுத்தபின் மிச்சமிருப்பதில் புதுக்கட்டி கிளம்பலாம். அதையும் ‘பரவிருச்சு’ என்றே சொல்லிவிடுகிறோம்.

மயக்க மருந்தைத் தாங்குமா என்ற பயம் நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவை இதயமும் சிறுநீரகமும் ஈரலும். வயது மட்டும் அல்ல. ரத்தப் பரிசோதனை செய்து, இதயத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நம் ஊர்களில் வழக்கமாகப் போடும் சைலசின் ஊசி இதயத்துடிப்பை நன்றாகக் குறைத்துவிடும். வயதான நாய்க்கு வேறு மருந்தோ வாயு மயக்கமோ கிடைக்குமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

“சின்னதாத்தானே இருக்கு, பார்ப்போம்” என்பதுதான் எனக்கு அதிகம் கோபம் வரவைக்கும் வாதம். 3 செ.மீ.க்குக் குறைவான கட்டியை எடுத்த நாய்க்கும், 5 செ.மீ. தாண்டவிட்ட நாய்க்கும் பிழைக்கும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. மாதம் ஒருமுறை நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒவ்வொரு காம்பைச் சுற்றியும் விரலால் உருட்டிப் பாருங்கள். பின்னங்கால் பக்கத்து இரண்டு ஜோடியில்தான் அதிகம் வரும். சுண்டைக்காய் அளவில் கெட்டியாகத் தட்டுப்பட்டால் அப்போதே மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். வெட்டி எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லவும் மறக்காதீர்கள்.

“நாலஞ்சு தடவ குட்டி போட்டது, அதுக்கு வராது” என்பதற்கும் ஆதாரமில்லை. குட்டி போடுவது காப்பதாகத் தெரியவில்லை. இளவயதில் செய்யும் கருத்தடைதான் காக்கிறது. 1969இல் அமெரிக்காவில் வந்த ஆய்வின்படி, கருத்தடை செய்யாத நாயோடு ஒப்பிட்டால், முதல் பருவத்துக்கு முன் செய்த நாய்க்கு ஆபத்து 0.5 சதவீதம்தான். ஒரு பருவம் கழித்துச் செய்தால் 8, இரண்டுக்குப் பிறகு 26.

கத்தி வைக்கக்கூடாத நாய்களும் உண்டு. மடி முழுக்கச் சிவந்து, சூடாகி, தொட்டாலே துடிக்கும் அழற்சிப் புற்றுக்கு அறுவை உதவாது. நுரையீரலில் இறங்கிவிட்டாலும் அறுவை குணப்படுத்தாது. அப்போது வலிக்கு மருந்து கொடுப்பதே சரி. ஆனால் கட்டி உடைந்து, ஈ மொய்த்து, புழு வைத்து நாறுகிற நிலையில், ஆயுள் கூடாது என்று தெரிந்தும் அந்தப் புண்ணை மட்டும் வெட்டி எடுத்து நாயை நிம்மதியாகப் படுக்கவைக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அதையும் கேட்டுப் பாருங்கள்.