பாட்டுக்கு நடுவர் யார்?



வருகிற பொங்கல் விழாவில் பாட்டுப் போட்டி ஒன்று நடத்தி, முதலாவதாக வரும் பாட்டைச் சங்கத்தின் பெயரால் சென்னையில் நடக்கும் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று வரதய்யபாளையம் கிளை இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். செயற்குழுவில் இது வந்தபோது மூத்த தோழர் ஒருவர், "சூளையில் கூலி பாக்கி நிற்கிறது, ரேஷன் அட்டை மாற்றம் நிற்கிறது, பாட்டுக்கு என்ன அவசரம்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் நடுவராக யாரை அழைப்பது என்ற பேச்சு வந்ததும் அவரும் சேர்ந்து சண்டைக்கு நின்றார். பாட்டு வாத்தியாரா, ஊர்ப் பெரிய மனிதரா, பந்தலுக்கு நன்கொடை தரும் காண்டிராக்டரா? இரவு பதினோரு மணி வரை முடிவாகவில்லை. அதனால்தான் இந்த மாதத் தலையங்கம் பாட்டைப் பற்றி.

ஐரோப்பாவில் 1956 முதல் யூரோவிஷன் என்றொரு பாட்டுப் போட்டி நடக்கிறது. நாட்டுக்கு ஒரு பாட்டு. எதை அனுப்புவது என்று முடிவு செய்யப் பல நாடுகள் முதலில் தமக்குள்ளேயே ஒரு போட்டி வைக்கின்றன. பெரும்பாலும் காதல் பாட்டு, ஆட்டப் பாட்டு, கேட்டுவிட்டு மறந்துவிடலாம். 1980-இல் நார்வேயில் நடந்தது அப்படிப்பட்டதல்ல.

நார்வேயின் வடகோடியில் சாமி என்றொரு இனத்தார் இருக்கிறார்கள். (பெயர்தான் சாமி, நாம் கும்பிடுகிற சாமி இல்லை.) கலைமான் மேய்ப்பதும் மீன் பிடிப்பதும் அவர்கள் தொழில். அவர்கள் மொழியைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தி வைத்த காலம் உண்டு. சொல் குறைவாகவும் குரல் அதிகமாகவும் உள்ள அவர்களது பழைய பாட்டைப் பாவம் என்று பாதிரிமார் சொன்னதும் உண்டு. அவர்கள் வாழும் பகுதியில் ஆல்டா ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்ட அரசு முனைந்தது. 1979-இல் சாமி இளைஞர்கள் தலைநகர் ஆஸ்லோவுக்கு வந்து, பாராளுமன்றத்தின் முன்னால் கூடாரம் அடித்து, உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள்.

அந்த உண்ணாவிரதத்தைப் பற்றிய பாட்டுதான் மறு ஆண்டு நார்வேயின் தேசியப் போட்டியில் வென்றது. ஸ்வெர்ரே ஷெல்ஸ்பெர்க் என்ற நார்வேக்காரர் பாட, மாத்திஸ் ஹெட்டா என்ற சாமி இனத்துப் பாடகர் அந்தப் பழைய குரலை எடுத்தார். எந்த அரசை எதிர்த்துப் பட்டினி கிடந்தார்களோ, அந்த நாட்டின் பெயரிலேயே அந்தப் பாட்டு ஹாலந்தின் ஹேக் நகர மேடைக்குப் போயிற்று! அங்கே கிடைத்தது 19 நாடுகளில் 16-ஆவது இடம்.

அணையும் நிற்கவில்லை. 1981 ஜனவரியில் நூற்றுக்கணக்கான போலீசாரை அனுப்பி மறியல் செய்தவர்களைத் தூக்கினார்கள். 1987-இல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. ஆனால் அதே 1987-இல் சாமி மக்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அவர்களே வாக்களித்து அமைத்த மன்றத்தை 1989-இல் மன்னர் வந்து திறந்து வைத்தார். இதைப் பாட்டா வாங்கித் தந்தது? விடாமல் நின்ற அமைப்புகள் வாங்கித் தந்தன. தெற்கே நிம்மதியாக இருந்த நார்வேக்காரன் வீட்டு டி.வி. பெட்டிக்குள் அந்தக் குரலைக் கொண்டு போனது மட்டும் பாட்டின் வேலை. அந்த வேலையும் சின்னதல்ல.

நம் நாட்டிலிருந்து ஆஸ்கருக்குப் பாட்டை அனுப்ப இப்படி ஒரு தேர்வு கிடையாது, படத்துக்கு உண்டு. இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் குழு ஆண்டுக்கு ஒரு படத்தை அனுப்புகிறது. 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கிய 'நாட்டு நாட்டு' பாட்டின் படம் அந்தக் குழு அனுப்பியது அல்ல. குழு அந்த முறை அனுப்பியது ஒரு குஜராத்திப் படம். ஆனாலும் பரிசுச் செய்தி வந்த அன்று தெலுங்குத் தோழர்களோடு நம் பிள்ளைகளும் டீக்கடை வாசலில் ஆடினார்கள். ஆடட்டும், நல்லதுதான். நமக்குச் சொந்தமான படம் ஒன்று அதற்கு முன்பே போயிருந்ததை எத்தனை பேர் நினைத்தோம்?

2016-இல் அந்தக் குழு தேர்ந்தெடுத்தது வெற்றிமாறனின் 'விசாரணை'. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' நாவல்தான் அதற்கு மூலம். குண்டூருக்குப் பிழைக்கப் போன தமிழ்ப் பிள்ளைகளைப் பிடித்து, செய்யாத திருட்டை ஒப்புக்கொள் என்று லாக்கப்பில் போட்டு அடித்த கதை. எழுதியவர் தாமே வாங்கிய அடி அது. 2015 செப்டம்பரில் அந்தப் படம் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு, ஆம்னெஸ்டி அமைப்பின் இத்தாலியப் பிரிவு அதற்கு விருது தந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 7 அன்றுதான், நமக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள்.

நம் கதை இந்தியாவின் பெயரிலேயே அமெரிக்கா வரை போயிற்று. கடைசிப் பட்டியலில் வரவில்லை, போகட்டும். நாம் என்ன செய்தோம்? பெருமைப்பட்டோம், போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் நம்மில் ஒருவரை இன்றிரவு ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனால் யாருக்குச் சொல்வது என்ற பட்டியல் கூடச் சங்கத்திடம் முழுமையாக இல்லை. இதில் என் பங்கு குற்றமும் உண்டு.

ஆகவே போட்டி நடக்கட்டும். நடுவர்களாகச் சூளையில் கல் அறுக்கும் பெண்கள் இருவர், ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலிகளாக இருக்கும் இருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர் உட்காரட்டும். காண்டிராக்டர் வந்தால் முன்வரிசையில் நாற்காலி போடலாம், சோடா கொடுக்கலாம், மார்க் போடும் தாளைக் கொடுக்க வேண்டாம். சினிமாப் பாட்டு கூடாது. சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும். தெலுங்கு கலந்திருந்தால் தள்ளிவிடாதீர்கள், இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பேசுவது அப்படித்தான். பாட்டுக்குப் பெயர் எழுதும் அதே மேசையில் இன்னொரு நோட்டும் இருக்கும். குடும்பத் தலைவர் பெயர், சொந்த ஊர், வேலை பார்க்கும் இடம், ஊரில் தகவல் சொல்ல ஒரு போன் நம்பர் ஆகிய விவரங்களை எல்லாரும் அதில் எழுதிவிட்டுப் போக வேண்டும், பாடாதவர்களும்தான்.

மார்கழி பிறப்பதற்குள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் பாடினால் போதும். ரயில்வேயில் எனக்கு டூட்டி இல்லாத ஞாயிறு மாலைகளில் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து நானே எழுதிக்கொள்கிறேன்.