நாஞ்சில் வயலுக்குச் சட்டக் காவல் வேண்டும்

நாஞ்சில் என்ற சொல்லுக்குக் கலப்பை என்று பொருள். ஒரு நாட்டுக்கு அரசன் பெயரோ, ஆற்றின் பெயரோ, குலத்தின் பெயரோ வாய்ப்பது வழக்கமாயிருக்க, உழவுக் கருவியின் பெயர் வாய்த்த பிரதேசம் தமிழகத்தின் தென்கோடியில், தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்னும் இரண்டு தாலுகாக்களாக விரிந்து கிடக்கிறது. புறநானூற்றில் வரும் நாஞ்சில் வள்ளுவனிடம், பறித்த கீரையோடு சேர்த்துச் சமைக்கக் கொஞ்சம் அரிசி வேண்டுமென்று ஔவையார் கேட்க, அவன் யானையையே கொடுத்தனுப்பினான் என்ற செய்தியை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். கொடுத்தவனுடைய வள்ளன்மையைப் பாராட்டும் வேகத்தில் கேட்கப்பட்ட பொருளை மறந்துவிடுகிறோம். அந்த நாட்டில் போய்க் கேட்பதற்கு உரிய பொருள் அரிசி என்பது சங்கப் புலவருக்குத் தெரிந்திருந்தது. இன்றோ, அதே நாட்டின் கோட்டாற்றுக் கடைத்தெருவில் வெளியூர் லாரிகளிலிருந்து அரிசி மூட்டைகள் இறங்குகின்றன.

நாஞ்சில் நாட்டில் எஞ்சியிருக்கும் நன்செய் நிலத்தை இனியும் தனியார் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் விட்டுவிடாமல், சட்டத்தின் காவலில் வைக்க வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். அழகிய காட்சி அழிகிறதே என்ற ஏக்கத்தினாலோ, பழமை மீதுள்ள பற்றினாலோ இதைச் சொல்லவில்லை. அந்த நிலம் எவ்வாறு உண்டாயிற்று என்ற சரித்திரத்தைப் பார்த்தவர்கள் வேறு முடிவுக்கு வர இடமில்லை என்பதாலேயே சொல்லுகிறோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கிழக்கே பாண்டி நாட்டுக்கும், மேற்கே மலைகளைச் சுற்றிச் சேர நாட்டுக்கும் வாயில் வைத்திருந்த இந்த எல்லைப் பிரதேசத்தை, ஆய் வேளிரும் பாண்டியரும் சோழரும் வேணாட்டு மன்னரும் ஒருவர் பின் ஒருவராகக் கைக்கொண்டார்கள். மதுரை நாயக்கர் படையும் கணவாயைக் கடந்து வந்து போயிற்று. வந்தவர்கள் எல்லோருக்கும் கண் இருந்தது இங்கே விளைந்த நெல்லின் மீது. வரி கேட்டார்கள், சில சமயம் கொள்ளையும் அடித்தார்கள். ஆனால் வாய்க்காலைத் தூர்த்தால் அடுத்த ஆண்டு வாங்குவதற்கு வரி இராது என்பது அவர்களுக்குத் தெரியும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரு பக்கத்துத் தொல்லையும் பொறுக்க மாட்டாமல் நாஞ்சில் நாட்டார் கூட்டம் கூடி, வழக்கமான கடமைக்கு மேல் ஒரு காசும் கட்டுவதில்லை என்று தீர்மானித்த வரலாறு உண்டு. தங்கள் நிலத்தைப் பற்றித் தாங்களே கூடி முடிவு செய்யும் பழக்கம் இந்த ஜனங்களுக்குப் புதியதன்று என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு அவசியம் வரும்.

நிலம் தானாகவா நெல் விளைத்தது? மேற்கு நோக்கிக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பறளியாற்றை மறித்து, அதன் நீரைக் கிழக்கே திருப்பிப் பழையாற்றில் சேர்த்த பாண்டியன் அணையை இராஜசிம்ம பாண்டியன் கட்டினான் என்பது செவிவழிச் செய்தி; கட்டியவன் பெயர் எதுவாயினும், ஒரு ஆற்றின் நீரை மறு ஆற்றுக்கு வெட்டிக் கொண்டுபோன துணிச்சல் இன்றும் கண்ணுக்கு முன் நிற்கிறது. மார்த்தாண்ட வர்மா காலத்தில் புத்தன் அணை எழுந்தது. பின்னர் மூலம் திருநாள் மகாராஜா ஆட்சியில், 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணை, கோதையாற்று வெள்ளத்தையும் இந்த வயல்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது; அதைக் கட்டிய மிஞ்சின் என்ற ஆங்கிலப் பொறியாளர் தம் நாட்டுக்குத் திரும்பாமல் அந்த அணையின் அருகிலேயே அடக்கமாகியிருக்கிறார். சுதந்திரத்துக்குப் பின் பெருஞ்சாணி, அதன் பின் சிற்றாறு அணைகள், 1966-ல் திறக்கப்பட்ட மாத்தூர்த் தொட்டிப்பாலம் என்று, மன்னராட்சி மாறி மக்களாட்சி வந்த பின்னும், மாநிலமே மாறிய பின்னும், இந்த வேலை நிற்கவில்லை. அனந்தனார் சானல், தோவாளைச் சானல், நாஞ்சில்நாடு புத்தனார் சானல் என்று கிளை பிரிந்து, குளம் குளமாக நிரப்பி, மறுகால் பாய்ந்து, கடைசியில் மணக்குடியில் கடலைச் சேருகிற இந்த அமைப்பை நம்பி, கோதையாற்றுப் பாசனத்தில் 79,000 ஏக்கர் இருப்பதாக அரசாங்கமே ஆண்டுதோறும் அணை திறக்கும்போது அறிவிக்கிறது. அந்த ஏக்கர் அனைத்திலும் இன்று பயிர் நிற்கிறதா என்பதை யாரும் அறிவிப்பதில்லை.

ஆகவே நாஞ்சில் நாட்டில் ஒரு வயல் என்பது வெறும் சர்வே எண் அல்ல. ஆயிரம் ஆண்டுகளாகப் பல அரசுகள் பொதுப் பணத்தையும் எண்ணற்ற ஏழைகளின் உடலுழைப்பையும் செலுத்திக் கட்டிய ஒரு பெரிய நீர்க்கருவியின் உறுப்பு அது. பட்டாவில் பெயர் ஒருவருக்கு இருக்கலாம். அந்த வயலுக்கு வரும் தண்ணீரில் அவர் தேடிவைத்தது எதுவுமில்லை.

ஏழைகளின் உழைப்பு என்று சொன்னோம். அதை விரித்துச் சொல்லாமல் போவது நியாயமாகாது. நாஞ்சில் நாடு அடங்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1855 வரை அடிமை முறை சட்டப்படி இருந்தது. நெற்களஞ்சியம் என்று பெருமை பேசிய வயல்களில் உழுதவரும் நட்டவரும் அறுத்தவரும், விளைந்ததைக் கை நிறைய அள்ளி உண்ண உரிமை இல்லாதவர்களாக இருந்தார்கள். ஊழியம் என்ற பெயரால் கூலியில்லா வேலை வாங்கப்பட்ட அந்தக் காலத்தில்தான், அகஸ்தீஸ்வரம் தாலுகாவின் சாமித்தோப்பிலிருந்து வைகுண்டர் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1865-ல் பண்டாரப் பாட்ட விளம்பரம் சர்க்கார் நிலத்துக் குடியானவர்களுக்கு உடைமை உரிமை அளித்தது. 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம், தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தம் நூலில் கண்ணீரும் எள்ளலுமாகக் காட்டிய மருமக்கள்வழிச் சொத்துரிமையை முடித்துவைத்தது. இவையெல்லாம் நிலத்தைச் சுற்றி நடந்த நல்ல மாறுதல்கள். வயல் வேலையிலிருந்து விடுபட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்து நாலு இடங்களுக்கு அனுப்பிய குடும்பங்களைப் பார்த்து, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லையே என்று அங்கலாய்ப்பவர்களோடு நாம் சேரமாட்டோம். ஆள் குறைந்தால் இயந்திரம் வரட்டும், கூலி உயரட்டும். வயலை மூடுவதற்கு அது காரணமாகாது.

மூடுவது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். எந்த ஊர் என்று சுட்ட வேண்டியதில்லை. நாகர்கோவிலைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் காணலாம். சாலையோரத்து வயல் ஒன்று இரண்டு மூன்று பூ (போகம்) விதைக்காமல் தரிசாகக் கிடக்கிறது. ஒரு நாள் விடியற்காலையில் டிப்பர் லாரி வந்து, எங்கோ ஒரு மலையடிவாரத்தில் தோண்டிய செம்மண்ணைக் கொட்டிவிட்டுப் போகிறது. பத்து நாளில் வரப்பு மறைந்து, தரை சாலை மட்டத்துக்கு உயர்ந்து, வெள்ளையடித்த எல்லைக் கற்கள் வரிசையாக முளைக்கின்றன. மூடப்பட்ட வயலைக் காட்டிலும் அதன் இரு பக்கத்து வயல்களைக் கவனிக்க வேண்டும். இங்கே தண்ணீர் மடையிலிருந்து முதல் வயலுக்கும், அதன் வாமடை வழியே அடுத்த வயலுக்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்குமாகப் படியிறங்கிப் போவது. நடுவில் ஒன்று மேடானால், முதல் போகமான கன்னிப்பூவில் கீழ் வயலுக்குத் தண்ணீர் எட்டாது. அடுத்த போகமான கும்பப்பூவில், ஐப்பசி மழை கொட்டும்போது, மேல் வயலின் தண்ணீர் வடியாது. நட்ட நாற்று வாரக்கணக்கில் முழுகிக் கிடந்து அழுகுகிறது. அந்த வயலுக்காரர் இரண்டு ஆண்டு நஷ்டப்பட்ட பின், அவரும் விற்றுவிடுகிறார். விருப்பத்தோடு விற்றவர் ஒருவர். வேறு வழியின்றி விற்றவர்கள் ஐந்து பேர்.

மண் கொட்டுவதற்கு முன்னமே நடக்கும் ஒரு மெதுவான மாறுதலும் உண்டு. நெல் போய் வாழை வருகிறது, வாழைக்கு மேடு எடுத்த இடத்தில் தென்னை வைக்கப்படுகிறது, தென்னந்தோப்பு வீட்டுமனையாகிறது. வாழையையும் தென்னையையும் நாம் பழிக்கவில்லை. மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்கும் பெருமைதான். ஆனால் இந்த மாவட்டத்தில் வாழைக்கும் தென்னைக்கும் விளை என்று பெயரே வைத்து மேட்டு நிலத்தை முன்னோர் ஒதுக்கிவைத்தார்கள். பல ஊர்ப் பெயர்கள் இன்னும் விளை என்று முடிகின்றன. கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் மலையடிவாரங்களுக்கு ரப்பர் வந்து தனக்கென்று ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டது. பள்ளத்து வயலுக்கு மட்டும் நெல்லை விட்டால் வேறு தகுதியான பயிர் இல்லை. அது ஆறு மாதம் தண்ணீர் நிற்க அமைந்த நிலம்.

சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நெருங்கி வாழ்கிற மாவட்டத்தில் ஜனங்களுக்கு வீடு வேண்டாமா என்று கேட்கிறார்கள். நிச்சயம் வேண்டும். ஆனால் வயலை மூடிக் கட்டிய வீடுகளுக்குள்தான் பெருமழைக் காலத்தில் தண்ணீர் புகுகிறது. தண்ணீருக்கு அதன் பழைய இடம் நினைவிருக்கிறது. நெல்லில் லாபம் இல்லையே, மகளின் கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் எதை விற்பது என்று கேட்கும் சிறு விவசாயியின் கேள்வி இதைவிடக் கனமானது. விற்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு அவரைக் கைவிடுவது அநியாயம் என்று நாமும் கருதுகிறோம்.

இதற்கு வழி காண வெகுதூரம் போக வேண்டியதில்லை; கேரள எல்லையான களியக்காவிளைக்கு அப்பால் போனால் போதும். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தபோது, நெற்களஞ்சியம் கைவிட்டுப் போயிற்றே என்று கேரளத்தார் வருந்தினார்கள். அந்த இணைப்புக்காக 1954-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் உயிர் கொடுத்தவர்கள் நம்மவர்கள். களஞ்சியத்தை இழந்த கேரளம், தன்னிடம் எஞ்சிய வயல்களையாவது காப்போம் என்று 2008-ல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. ஊர்தோறும் கண்காணிப்புக் குழு அமைத்தது. வேறு நிலமில்லாதவர் சொந்த வீடு கட்டிக்கொள்ளச் சிறு அளவில் விலக்கும் தந்தது. வயலை வயலாகவே வைத்திருப்பவர்களுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் உரிமைத்தொகை கொடுக்க 2020-ல் முன்வந்தது. தொகை சிறிது, சட்டத்திலும் 2018-ல் தளர்வுகள் நுழைந்தன. ஆயினும் வயலைக் காப்பவருக்கு ஊர் ஏதேனும் தர வேண்டும் என்ற தத்துவத்தை ஒரு அரசாங்கம் ஏட்டில் ஏற்றுக்கொண்டதே பெரிய விஷயம். களஞ்சியத்தைப் பெற்ற நாம் என்ன செய்தோம்?

தமிழக அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். 2020-ல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. அதை மனமார வரவேற்றோம். ஆனால் அச்சட்டம் தடுப்பது எண்ணெய்க் கிணறு போன்ற பெருந்தொழில்களை. டிப்பர் லாரியை அது தடுக்காது. பழையாற்றுப் படுகை அதன் எல்லைக்குள்ளும் இல்லை. 2022-ல் சுசீந்திரம்–தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகப் புகழ் அடைந்தன. நாரையும் கூழைக்கடாவும் வந்திறங்கும் அந்த நீர்நிலைகள் இயற்கையாக உண்டானவை அல்ல. வயலுக்குத் தண்ணீர் தேக்க மனிதர் வெட்டிய குளங்கள். குளத்துக்குச் சர்வதேசக் காவலும், குளத்தை வெட்டியதன் காரணமான வயலுக்குச் சாதாரணக் காவல்கூட இல்லாமையும் பொருந்தாத ஏற்பாடு. கீழே பாசனம் அற்றுப்போன குளத்தை ஊரார் தூர்வாரமாட்டார்கள். தூர்வாராத குளம் ஆகாயத்தாமரைக் காடாகும்.

நாம் கேட்பது இது. கோதையாற்றுப் பாசனத்தின் எஞ்சிய நன்செய் முழுவதையும் மாற்றக்கூடாத நிலமென்று சட்டசபை அறிவிக்க வேண்டும். வயலை வைத்திருந்து பயிரிடுபவருக்கு, கேரளம் தருவதைப் போல் பெயருக்கல்லாமல், ஒரு பூ பொய்த்தாலும் தாங்கக்கூடிய அளவில் ஆண்டுத்தொகை தரப்பட வேண்டும். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்கென்றே கண்டு கொடுத்த நெல் வகைகளை அறுவடையானவுடன் ஊரிலேயே கொள்முதல் செய்ய நிலையங்கள் காலத்தில் திறக்க வேண்டும். விலக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு மனுவையும், பாசன விவசாயிகள் உட்கார்ந்திருக்கும் ஊர்க்குழு வயலில் நேரே நின்று பார்த்து, மேல் வயலும் கீழ் வயலும் என்ன ஆகும் என்று கேட்டு முடிவு செய்ய வேண்டும். அன்று கூடிய நாட்டார் கூட்டத்தின் வழிவந்தவர்களுக்கு அந்தப் பொறுப்பைச் சுமக்கத் தெரியும்.

சட்டம் வரத் தாமதமாகலாம். அதற்கு முன் அரசாங்கம் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. கோதையாற்று அணைகளின் மதகு ஆண்டுதோறும் ஜூன் 1-ல் திறக்கிறது. அடுத்த முறை திறப்பதற்கு முன், அந்த 79,000 ஏக்கரில் இன்னும் வயலாக இருப்பது எவ்வளவு, மூடப்பட்டது எவ்வளவு என்று சர்வே எண் வாரியாக அளந்து, ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகத்தின் சுவரிலும் ஜனங்கள் படிக்கும்படி ஒட்டுமாறு மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறோம்.