குழந்தைகளின் குடல்வால் அழற்சி: முறை பெரிதா, பொழுது பெரிதா?

குழந்தையின் குடல்வால் அழன்று வீங்கினால் அதனை அகற்றுவதற்கு இருவகை அறுவை முறைகள் உள்ளன. வலப்புற அடிவயிற்றைக் கீறித் திறப்பது பழைய முறை. அமெரிக்க மருத்துவர் மெக்பர்னி 1894 இல் விவரித்த கீறலே அதற்கு அடிப்படையாகும். வயிற்றில் சிறு துளைகள் இரண்டு மூன்று இட்டு, ஒன்றின் வழியே கேமராவையும் ஏனையவற்றின் வழியே கருவிகளையும் செலுத்துவது லாப்பரோஸ்கோப்பி எனப்படும் துளைவழி முறை. 1980 இல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் இம்முறையால் முதன்முதலாகக் குடல்வாலை அகற்றினார். இந்தியாவில் இக்கலைக்கு வழிகாட்டிய நகரம் மும்பை. அங்கு ஜே. ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா 1972 இல் துளைவழியே வயிற்று நோய்களை ஆராயத் தொடங்கி, 1990 இல் நாட்டிலேயே முதன்முறையாகப் பித்தப்பையையும் அவ்வழியே அகற்றினார்.

இவ்விரு முறைகளில் எது குழந்தைக்கு நல்லது? தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் பணியாற்றும் ஆசிரியர்களையும் சுகாதார ஊழியர்களையும் நோக்கிப் பெற்றோர் எழுப்பக்கூடிய வினா இது. இதற்கு விடை கூறுமுன் உடலினுள் நிகழ்வதைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

கத்தி பட்ட இடத்தில் உடல் அழற்சியைத் தோற்றுவிக்கிறது. காயமுற்ற திசுக்களிலிருந்து இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் சில மணி நேரத்தில் இரத்தத்தில் பெருகுகின்றன. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. வெட்டு சிறிதாயின் இவ்வெழுச்சியும் பொதுவாகச் சிறிதாகவே இருக்கும். துளைவழிச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்குக் காயத்தில் சீழ் பிடிப்பது குறைவு. அவர்கள் விரைவில் வீடு திரும்புவதும் இதனோடு ஒத்துப்போகிறது.

ஆயினும் இதற்கு மறுபுறமும் உண்டு. கருவிகள் இயங்க இடம் வேண்டி, வயிற்றினுள் கரியமில வாயுவைச் செலுத்துகின்றனர். குழந்தைகளுக்கு அதன் அழுத்தம் பெரும்பாலும் பாதரச அளவில் 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். இவ்வழுத்தத்தால் குடலுக்குச் செல்லும் இரத்தம் ஓரளவு குறைகிறது. வாயுவை வெளியேற்றியதும் இரத்தம் மீண்டும் பாய்கிறது. அப்பொழுது தீவிர ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் தோன்றி உயிரணுக்களின் கொழுப்பைத் தாக்கக்கூடும். இதனையே ஆக்ஸிகரண நெருக்கடி என்பர். ஆகவே துளை சிறிது என்பதனால் உள்ளே நிகழும் தொல்லை முழுவதும் சிறிது என்று கொள்ளுதல் பொருந்தாது. அழுத்தத்தைக் குறைவாக வைத்தலும், நேரத்தைச் சுருக்குதலும் மருத்துவரின் திறமையைச் சார்ந்தவை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின், வசதியும் பயிற்சியும் உள்ள இடத்தில் துளைவழி முறையே மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்விரு முறைகளுக்கும் இடையேயுள்ள வேற்றுமையைக் காட்டிலும், வெடியாத குடல்வாலுக்கும் வெடித்த குடல்வாலுக்கும் இடையேயுள்ள வேற்றுமை மிகப் பெரிது. குடல்வால் வெடித்துச் சீழ் வயிற்றறையில் பரவினால் எழும் அழற்சிக்கு முன், எந்தக் கத்தியின் காயமும் அற்பமே. துளைவழிச் சிகிச்சைக்குப் பணம் திரட்டுவதற்காகவோ, அது கிடைக்கும் இடத்தைத் தேடி அலைந்தோ ஓர் இரவைக் கழிக்கும் பெற்றோர், சிறு தழும்பை விரும்பிப் பேராபத்தை விலைக்கு வாங்குகின்றனர். தாராவியை அடுத்தே சயானில் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. பரேலில் 1929 இல் நிறுவப்பெற்ற வாடியா குழந்தைகள் மருத்துவமனை உள்ளது. முதலில் சென்று சேர்வதே முக்கியம். எந்த முறை, எப்பொழுது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இங்கேதான் ஆசிரியர், ஊழியர் ஆகியோரின் கடமை தொடங்குகிறது. தொப்புளைச் சுற்றித் தோன்றிய வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்குதல், உணவில் வெறுப்பு, வாந்தி, இலேசான காய்ச்சல், குனிந்து நடத்தல் ஆகியவை அடையாளங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. எனவே அவ்வயதில் குடல்வால் வெடித்தபின் கொண்டுவரப்படுவது மிகுதி. குடலேற்றம் என்று கருதி வயிற்றைத் தட்டி உருவுதல், விளக்கெண்ணெய் முதலிய பேதி மருந்து கொடுத்தல் ஆகிய இரண்டும் கூடா. மருத்துவர் பார்க்கும் வரை உணவும் கொடுத்தல் ஆகாது. கடுமையான வலி திடீரெனத் தணிந்தால் குணமாயிற்று என்று மகிழ வேண்டாம். குடல்வால் வெடித்ததன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

அறுவை அறையினுள் எழும் அழற்சியைக் குறைப்பது மருத்துவரின் பணி. அறைக்கு வெளியே வீணாகும் மணி நேரத்தைக் குறைப்பது நம் பணி. வயிற்றுவலி என்று சொல்லும் மாணவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பாடத்தைத் தொடராமல், அவன் மருத்துவரிடம் சேர்ந்தானா என்று அன்றே விசாரித்தறியும் வழக்கம் ஒவ்வொரு பள்ளியிலும் ஏற்படுதல் வேண்டும்.