ஒலுவிலில் செய்மதி செய்யலாம், அரசு வாங்குமானால்

2019 ஜூன் 17 ஆம் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 'ராவணா-1' விடுவிக்கப்பட்டது. ஒரு சாண் அளவுகூட இல்லாத பெட்டி. எடை ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேல். அதை உருவாக்கியவர்கள் தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா விதானகே என்ற இரு இளம் இலங்கைப் பொறியியலாளர்கள். உருவான இடம் ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிறுவகம். சிறு நாடுகளின் பொறியியலாளர்களை அழைத்து, அவர்கள் கையாலேயே ஒரு செய்மதியைச் செய்யவைத்துத் திருப்பி அனுப்பும் 'பேர்ட்ஸ்' திட்டத்தின் மூன்றாம் சுற்றில், நேபாளத்தின் செய்மதியோடு சேர்ந்து அது பிறந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பூமியைச் சுற்றிவிட்டு வளிமண்டலத்தில் எரிந்துபோனது. கற்றுக்கொள்வதற்காகச் செய்யப்பட்ட ஒரு கருவியிடம் அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க முடியாது. எதிர்பார்த்திருக்க வேண்டியது நாட்டிடம். கற்றவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது செய்மதியைச் செய்யும் வேலையை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு இலங்கை இன்னும் விடை சொல்லவில்லை. அந்த விடை கொழும்பின் திறைசேரியில் தொடங்கி, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வரை வரவேண்டும் என்பது நமது நிலைப்பாடு.

விண்வெளி என்றால் நம் நாட்டில் இதுவரை பெரும்பாலும் கொண்டாட்டம்தான். 2012 நவம்பர் 27 ஆம் திகதி சீனாவின் சிசாங் ஏவுதளத்திலிருந்து புறப்பட்ட தொடர்பாடல் செய்மதிக்கு இங்கே 'சுப்ரீம்சாட்-1' என்று பெயர் சூட்டி மகிழ்ந்தோம். அது சைனாசாட்-12 என்ற செய்மதி. கட்டியது தாலஸ் அலீனியா ஸ்பேஸ் என்ற ஐரோப்பிய நிறுவனம், ஏவியது சீனா. இலங்கை நிறுவனத்திடம் இருந்தது அதன் கொள்ளளவில் ஒரு பங்குக்கான குத்தகை உரிமை. குத்தகைக்கு எடுப்பது குற்றமல்ல. ஆனால் அந்த ஏற்பாட்டில் இலங்கைப் பொறியியலாளர் ஒருவருக்குச் சுற்றுப்பலகையில் ஓர் இணைப்பைப் பற்றவைக்கும் வேலைகூட உருவாகவில்லை. ராவணா-1 அந்த வகையில் அதைவிட எத்தனையோ மடங்கு பெறுமதியானது. பின்னர் கியூஷூவோடு இணைந்து 'கிட்சுனே' செய்மதித் திட்டத்திலும் கட்டுபெத்தையின் ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவகம் பங்கெடுத்தது. ஆனாலும் இவையெல்லாம் இன்னொரு நாட்டின் ஆய்வுகூடத்தில், இன்னொரு நாட்டின் கால அட்டவணைப்படி நடந்த பயிற்சிகள். பயிற்சி முடிந்து பட்டறை திறக்கும் நாள்தான் வரவில்லை.

பயிற்சியிலிருந்து பட்டறைக்கு எப்படிப் போவது என்பதைக் காட்ட ஒரே ஒரு ரொக்கெட் போதும். 2017 ஜூன் 23 ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-38 மொத்தம் 31 செய்மதிகளைச் சுமந்து சென்றது. அவற்றுள் ஒன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகம் செய்த 15 கிலோகிராம் எடையுள்ள நியூசாட். இன்னொன்று பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ஆல்டோ-1. மூன்றாவது லித்துவேனியாவின் லித்துவானிக்காசாட்-2. மூன்றும் பல்கலைக்கழகச் சூழலில் பிறந்தவை. மூன்றும் ஒரே நாளில் ஒரே தீச்சுவாலையில் ஏறியவை. ஆல்டோவில் செய்மதி செய்து பழகிய மாணவர்களிலிருந்து 2014 இல் ஐஸ்ஐ என்ற நிறுவனம் எழுந்தது. முகிலையும் இரவையும் ஊடுருவிப் பார்க்கும் ராடார் செய்மதியை நூறு கிலோகிராமுக்குக் குறைந்த எடையில் செய்து, 2018 ஜனவரி 12 ஆம் திகதி அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினார்கள். இன்று வெள்ளம் எங்கே எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்ற தகவலை அரசுகளும் காப்புறுதி நிறுவனங்களும் அவர்களிடம் விலைகொடுத்து வாங்குகின்றன. முதல் லித்துவானிக்காசாட்டைச் செய்தவர்கள் 2014 இல் வில்னியஸ் பல்கலைக்கழகத்திலிருந்து நனோஏவியோனிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2022 இல் நோர்வேயின் கொங்ஸ்பெர்க் அதன் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. லித்துவேனியாவின் சனத்தொகை முப்பது இலட்சத்தைத் தொடாது. குமரியின் மாணவர்களிடம் அறிவு குறைவாக இருந்ததா? இல்லை. நியூசாட் கல்விச் சாதனையாகவே நின்றது. அடுத்ததற்குப் பணம் தந்து, தகவலைக் கேட்டு வாங்கி, குறை சொல்லித் திருத்தவைக்கும் வாடிக்கையாளர் ஒருவர் அதற்கு வாய்க்கவில்லை. பின்லாந்தில் அந்த முதல் தள்ளுகையைப் பொதுப்பணம் கொடுத்தது.

ஐரோப்பாவின் செழிப்பைச் சுட்டிக்காட்டி இதைத் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகம் 1981 இல் தன் முதல் சிறு செய்மதியை ஏவி, 1985 இல் அந்த அறிவை நிறுவனமாக மாற்றியது; பின்னர் அதனிடம் செய்மதி வாங்க வந்தவர்களுள் அல்ஜீரியாவும் நைஜீரியாவும் இருந்தன. தங்கள் பொறியியலாளர்களையும் உடன் அனுப்பி, செய்யும் முறையையும் சேர்த்து வாங்கினார்கள். அப்படி உருவான அனர்த்தக் கண்காணிப்புச் செய்மதிக் கூட்டணி, 2004 டிசம்பர் 26 கடற்கோளின்போது பாதிக்கப்பட்ட கரைகளின் படங்களை வழங்கியது. அந்தக் கடற்கோளில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். நம் கரையின் அழிவைப் பார்ப்பதற்கு ஆபிரிக்க நாடுகளிடம் செய்மதி இருந்தது, நம்மிடம் இருக்கவில்லை.

செய்மதி செய்வது என்றால் என்ன வேலை என்பதையும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 1999 இல் கலிபோர்னியாவின் இரு பேராசிரியர்கள், யோர்டி புய்க்-சுவாரியும் பொப் டுவிக்சும், பத்து சென்ரிமீற்றர் கனசதுரம் ஒன்றை அளவுகோலாக வகுத்தார்கள். எல்லோரும் ஒரே அளவில் செய்ததால் உதிரிப்பாகங்களுக்குச் சந்தை உண்டானது. ரொக்கெட்டில் இடம் பிடிப்பதும் எளிதானது. இன்று சூரியக்கலம், லிதியம் மின்கலம், வானொலிக் கருவி, செய்மதியின் திசையைத் திருப்பும் காந்தச் சுருள் என எல்லாவற்றையும் பட்டியல் பார்த்து வாங்கலாம். கடினமானது அவற்றை இணைப்பது, அவை ஒன்றோடொன்று பேசும் மென்பொருளை எழுதுவது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சோதிப்பது. ரொக்கெட்டின் உலுக்கலைத் தாங்குமா என்று அதிர்வு மேசையில் ஆட்டிப் பார்க்க வேண்டும். வெற்றிடத்தில் கடும் வெப்பத்துக்கும் கடும் குளிருக்கும் மாறிமாறி உட்படுத்திப் பார்க்க வேண்டும். தூசு படாத அறையில், கையுறை அணிந்த பொறுமையான கைகள் இதைச் செய்கின்றன. மாணவர் செய்மதிகள் பல, ஏவப்பட்ட முதல் நாளிலிருந்தே ஊமையாகிவிடுவது பெரும்பாலும் இந்தச் சோதனைக்கு நேரமும் பணமும் ஒதுக்காததால்தான். இந்தத் தொழிலின் அறிவு புத்தகத்தில் முழுமையாகக் கிடைப்பதில்லை; தவறிய செய்மதியைச் செய்தவரே அடுத்ததையும் செய்யும்போது சேருவது அது. ஒன்றோடு நிறுத்தும் நாடு அந்த அறிவை ஒவ்வொரு தடவையும் தொலைக்கிறது. வாகனங்களின் காற்றுப்பைகளுக்கான உணரிகளைத் தவறின்றிச் செய்து ஏற்றுமதி செய்யும் நாட்டில், துல்லியமான இலத்திரனியல் வேலைக்குப் பழகிய கைகள் இல்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்த நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். ஆனால் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் தொகை பழைய காலத்துத் தொகை. பலர் சேர்ந்து பயணிக்கும் ரொக்கெட்டில் ஒரு கிலோகிராமை ஏற்ற 2024 இல் ஆறாயிரம் டொலர் அளவில் ஆனது. நான்கைந்து கிலோகிராம் எடையுள்ள ஒரு பயனுள்ள செய்மதி, ஏவும் செலவோடு சேர்த்துச் சில இலட்சம் டொலருக்குள் முடியும். அதிவேக நெடுஞ்சாலை ஒரு கிலோமீற்றருக்கு இதைவிடப் பன்மடங்கு செலவாகிறது. அந்தச் சில இலட்சத்திலும் சம்பளமாகவும் சோதனைச் செலவாகவும் போகும் பங்கு நாட்டுக்குள்ளேயே தங்கும்.

இதைவிட வலுவான எதிர்வாதம் வேறொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் சென்ரினல் செய்மதிகள் பத்து மீற்றர் நுணுக்கத்தில் படங்களை இலவசமாகவே தருகின்றனவே, நாம் ஏன் செய்ய வேண்டும்? இதில் பெரும்பகுதி சரி. வயல்களின் பரப்பை அளக்கவும், விளைச்சலை முன்கூட்டி மதிப்பிடவும் அந்தப் படங்கள் போதும். அவற்றைப் பயன்படுத்தாமல் அதே படத்தை எடுக்கச் செய்மதி செய்வது வீண்செலவு. ஆனால் இலவசத்துக்கு ஓர் எல்லை உண்டு. நமக்கு வெள்ளம் வருவது கார்த்திகை, மார்கழியில், முகில் மூடிய வானத்தின் கீழ். அப்போது ராடார் படங்கள்தான் உதவும். 2021 டிசம்பரில் சென்ரினல்-1பி பழுதானது. அதற்கான மாற்றுச் செய்மதி 2024 டிசம்பரில்தான் ஏறியது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் உலகின் பல பகுதிகளுக்கு ராடார் படங்கள் பாதியாகக் குறைந்தன. எந்தப் பகுதிக்கு முன்னுரிமை என்பதை முடிவு செய்தவர்கள் நாமல்ல. ராடார் செய்மதியை நாளையே இலங்கை செய்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. அது பத்தாவது படி. முதற்படி வேறு.

அந்த முதற்படி நம் புவியியலிலேயே இருக்கிறது. துருவங்களைக் கடந்து சுற்றும் சாதாரணச் செய்மதி ஒன்று அம்பாறைக்கு மேலே நாளொன்றுக்கு நான்கைந்து தடவைதான் தொடர்பு எல்லைக்குள் வரும். மத்திய கோட்டை ஒட்டிச் சுற்றும் செய்மதியோ ஏறத்தாழ நூறு நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு சுற்றிலும் நம்மைக் கடக்கும். வடக்கே வாழும் தயாரிப்பாளர்களின் உள்நாட்டுக்கு இந்தப் பாதையால் பயனில்லை. இலங்கை, மாலைதீவு, மலேசியா, இந்தோனேசியா, கென்யா போன்ற நாடுகளுக்கு உண்டு. மலேசியா 2009 இல் ராசாக்சாட்டை இப்படியொரு பாதைக்கு அனுப்பியது. சிங்கப்பூர் 2023 ஜூலை 30 ஆம் திகதி தன் ராடார் செய்மதியையும், பல்கலைக்கழகங்களும் இளம் நிறுவனங்களும் செய்த ஆறு சிறு செய்மதிகளையும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஐந்து பாகைச் சாய்வில் ஏற்றியது. அந்த ஆறில் ஒன்று, தரையிலுள்ள கருவிகளின் தகவலைத் திரட்டும் நியூலயன்; நியூஸ்பேஸ் என்ற சிறு நிறுவனம் செய்தது. இந்தப் பாதைக்குப் போகும் ரொக்கெட்டுகள் அரிது என்பது உண்மை. காத்திருக்கவும் அயலாரோடு பங்கு சேரவும் வேண்டும். ஆனால் ஏவுதளம் பாக்கு நீரிணைக்கு அப்பால், பக்கத்து நாட்டில் இருக்கிறது.

ராவணா-1 சோதித்துப் பார்த்தவற்றுள் ஒன்று, குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் பேசும் லோரா வானொலி முறை. இதை நம் அம்பாறை மாவட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பெரும்போகத்திலும் மழை பெருகினால் கிட்டங்கியில் நீர் வீதியை மேவும். கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையில் பாடசாலைப் பிள்ளைகளும் உத்தியோகத்தர்களும் நோயாளிகளும் அக்கரையிலோ இக்கரையிலோ நின்றுவிடுவார்கள். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தின் வான்கதவுகள் திறந்தால், கீழே சம்மாந்துறை வயல்களிலும் நாவிதன்வெளித் தாழ்நிலங்களிலும் நீர் எப்போது எவ்வளவு ஏறும் என்பது கமக்காரருக்கு அனுபவத்தால் மட்டுமே தெரியும். 2024 நவம்பர் 26 ஆம் திகதி மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளம் இழுத்துச் சென்ற மத்ரஸா மாணவர்களை இந்தக் கரை மறக்காது. ஒரு கருவி இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது நேர்மையாகாது; வீதியும் பாலமும் எச்சரிக்கையும் வழிகாட்டலும் சேர்ந்து தவறிய இடம் அது. ஆனால் ஆற்றிலும் குளத்திலும் வாய்க்காலிலும் மலிவான நீர்மட்ட உணரிகளை நட்டு, மின்சாரம் அறுந்து கைத்தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்த நேரத்திலும் அவற்றின் அளவைச் செய்மதி வழியே நூறு நிமிடத்துக்கு ஒருமுறை அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குக் கொண்டுசேர்ப்பது இன்றைய தொழில்நுட்பத்துக்கு எட்டிய வேலை. உணரியும் செய்மதியும் தரைநிலையமும் இங்கேயே செய்யக்கூடியவை. முதலில் இங்கே பயன்பட்டதை மாலைதீவுக்கு விற்பது பிறகு எளிது.

கட்டுபெத்தை இருக்க ஒலுவில் எதற்கு என்று கேட்பார்கள். கட்டுபெத்தையின் அனுபவம் இல்லாமல் இது நடக்காது. அதிர்வு மேசையையும் வெற்றிட அறையையும் இரண்டு இடங்களில் கட்டவும் தேவையில்லை. ஆனால் உணரியை நட்டு, நீரின் போக்கைப் பார்த்து, குறையைக் கண்டு திருத்தும் வேலை இந்த மாவட்டத்தில்தான் நடக்க வேண்டும். அதைச் செய்யக்கூடிய பொறியியல் பீடம் ஒலுவிலிலும், பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலும் இருக்கின்றன. அந்தப் பீடங்களில் படித்து வெளியேறும் பிள்ளைகள் இன்று கொழும்புக்கோ கட்டாருக்கோ போகிறார்கள். தமிழும் சிங்களமும் பேசும் மாணவர்கள் ஒரே ஆய்வுகூடத்தில் கூடும் இடமாகவும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஒலுவில் என்றதும் துறைமுகம் நினைவுக்கு வருவது இயல்பு. டென்மார்க் கடனில் கட்டி 2013 இல் திறந்த அந்தத் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. வடக்கேயுள்ள கரையைக் கடல் அரித்தது. கட்டடத்தை முதலில் எழுப்பி, பயனைப் பிறகு தேடியதன் விளைவு அது. ஆகவே 'விண்வெளிப் பூங்கா' என்று பெயர்ப்பலகை நட்டு அடிக்கல் வைக்கும் திட்டம் எதையும் நாம் கேட்கவில்லை. யாராவது கொண்டுவந்தால் எதிர்ப்போம். தமிழ்நாடு 2025 இல் விண்வெளித் தொழிற்கொள்கை ஒன்றை வகுத்து, பத்தாயிரம் கோடி ரூபா முதலீட்டைக் குறிவைத்திருக்கிறது; குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் எழுகிறது. அந்த அளவோடு போட்டியிடவும் நம்மால் முடியாது. ஸ்ரார்லிங்க் போலச் செய்மதிகளை ஆயிரக்கணக்கில் வார்த்தெடுப்பதும் நம் வேலையல்ல. இந்தத் தொழிலில் நட்டமடைந்த நிறுவனங்கள் உண்டு. வென்றவற்றையும் பெரிய நிறுவனங்கள் விழுங்கியிருக்கின்றன. சரேயை ஐரோப்பியக் குழுமம் ஒன்று வாங்கிக்கொண்டது. அப்படியிருந்தும் சரேயின் பொறியியலாளர்கள் சரேயிலேயே வேலை செய்கிறார்கள்.

நாம் கேட்பது ஒரு கொள்வனவுக் கட்டளை. நீர்ப்பாசனத் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் சேர்ந்து, அம்பாறை மாவட்டத்தின் நீர்மட்டத் தகவலை ஐந்தாண்டுகளுக்கு வாங்குவதாக ஒப்பந்தம் செய்யட்டும். ஒன்றல்ல, மூன்று செய்மதிகளைத் தாங்கும் அளவுக்கு. முதலாவது தவறினாலும் அதே குழு இரண்டாவதைச் செய்யும் உரிமையோடு. முன் அனுபவம் உள்ளவர்களே விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனையை இந்தக் கேள்விமனுவில் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் வெளிநாட்டு நிறுவனமே வெல்லும். மாணவர் செய்மதிகள் பயன்படுத்தும் பொழுதுபோக்கு வானொலி அலைவரிசைகளில் வணிகம் நடத்த முடியாது. ஆகவே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அலைவரிசைக்கான சர்வதேசப் பதிவை இப்போதே ஆரம்பிக்க வேண்டும், அது காலம் பிடிக்கும் வேலை. உணரிகளை நடுவதற்கும் ஒலுவிலில் ஒரு தரைநிலைய அன்டனாவை நிறுத்துவதற்கும் செய்மதி ஏறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அதற்கான ஒதுக்கீடு இருக்கிறதா என்று இந்த மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் தேடிப் பார்க்கட்டும். இல்லையென்றால், குழுநிலை விவாதத்திலேயே எழுந்து கேட்கட்டும்.