வருமுன் காப்பதா, வந்தபின் எண்ணுவதா?

நம் பிளானோவை ஒட்டிய ஊர் ஃபிரிஸ்கோ. பழைய கார் பேட்டரிகளை உருக்கிக் காரீயம் எடுக்கும் ஆலை அங்கே 1964 முதல் இயங்கியது. (பாட்டியின் ஈயச் சொம்பு வேறு. அது வெள்ளீயம்.) ஆலையைச் சுற்றி வீடுகளும் பள்ளிகளும் பெருகின. 2008-இல் காற்றில் காரீயத்துக்கான வரம்பை மத்திய அரசு பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அந்த வட்டாரம் அதற்குள் அடங்கவில்லை. ஊர்மக்கள் விடாமல் கேள்வி கேட்டார்கள். 2012 நவம்பரில், எக்ஸைடு நிறுவனம் ஆலையை மூடியது.

குழந்தைகளின் ரத்தத்துக்கும் ஓர் எண் உண்டு. ஒரு டெசிலிட்டரில் 10 மைக்ரோகிராம் என்று இருந்தது 2012-இல் 5 ஆனது, 2021-இல் 3.5 ஆனது. நல்லதுதான். ஆனால் அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவே இல்லை. ரத்தத்தில் தெரியும்போது மூளையையும் அது தொட்டிருக்கும். போனது திரும்பாது.

"சோதனை வேண்டாமா?" என்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் முதலில் சோதிக்க வேண்டியது மண்ணை, பழைய பெயின்ட்டை, கடையில் விற்கும் பொடியை. நியூஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிய சிந்தூரப் பொடிகளில் பெரும்பாலானவற்றில் காரீயம் இருந்ததை ரட்கர்ஸ் ஆய்வு 2017-இல் காட்டியது. அவை விற்பனைக்கு வரும் முன் யார் பார்த்தார்கள்?

குழந்தையை அளவுகோலாக வைப்பது பொதுச் சுகாதாரம் அல்ல. அடுத்த நகர மன்றக் கூட்டத்தில் நீங்களே எழுந்து கேளுங்கள்: "எங்கள் விளையாட்டுத் திடல் மண்ணைச் சோதித்தீர்களா?"