ஏமாந்தவரைத் திட்டாதீங்க

கிரெடிட் கார்டுல யாராவது பணத்தை விட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டா, நம்மாளுங்க வாயில முதல்ல வர்றது: "படிச்ச ஆளு, ஓடிபியைப் போய் யாராவது சொல்லுவாங்களா?" இந்தக் கேள்விதான் திருடனுக்குப் பெரிய உதவிங்கறது என் கட்சி.

காரணம் இருக்கு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. தப்பு வங்கி மேலயும் இல்ல, நம்ம மேலயும் இல்ல, நடுவுல எங்கயோ நடந்ததுன்னா, வங்கியோட தகவல் வந்து 3 வேலை நாளுக்குள்ள புகார் செய்தா நமக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. 4 முதல் 7 நாள் ஆச்சுன்னா கொஞ்சம் நம்ம தலையில. 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஓடிபியை நாமே சொல்லித் தொலைச்சிருந்தாக்கூட, புகார் செய்த பிறகு போற பணம் வங்கியோட பொறுப்பு. தப்பு நம்மளுதுன்னு நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்.

ஆக, எல்லாம் நேரக் கணக்கு. ஏமாந்தவர் திட்டுக்குப் பயந்து, வெட்கப்பட்டு, வீட்டுல மறைச்சு வைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் காசு.

அப்போ கவனமே வேண்டாமா? வேணும். ஆனா மனுஷன் அசந்துடுவான், ஸ்விட்ச் அசராது. பல வெளிநாட்டுத் தளங்கள்ல ஓடிபியே கேட்கறதில்லை. கார்டு நம்பர், காலாவதி தேதி, பின்னாடி இருக்கற மூணு எண், அவ்வளவுதான்! இதுல யாரைத் திட்டுவீங்க? ஆன்லைன், வெளிநாடு, மெஷின்ல தட்டறது, இதையெல்லாம் தனித்தனியா ஆன்/ஆஃப் பண்ற வசதியும், எவ்வளவு வரைன்னு வரம்பு வைக்கிற வசதியும் தரணும்னு 2020-லயே ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. வங்கி ஆப்ல அஞ்சு நிமிஷ வேலை. வெளிநாட்டை இன்னிக்கே ஆஃப் பண்ணுங்க. வீட்டுப் பெரியவங்க கார்டுலயும் கூட உட்கார்ந்து செஞ்சு குடுங்க. "ஜாக்கிரதை, ஜாக்கிரதை"ன்னு நூறு ஃபார்வர்டு அனுப்பறதை விட இது மேல் :-)

அடுத்த தடவை யாராவது தயங்கித் தயங்கி "பணம் போயிடுச்சு"ன்னு சொன்னா, "எப்படி ஏமாந்தே?"ன்னு கேட்காதீங்க. "கார்டை பிளாக் பண்ணிட்டியா? 1930-க்குப் போன் போட்டியா?"ன்னு கேளுங்க. மத்ததெல்லாம் அப்புறம் சாவகாசமா பேசிக்கலாம்.